ஒரு மடக்குத் தண்ணி

ஒச்சம்மாள் மருமகளைக் கைநீட்டி அடித்தாள் என்று போன மாதம் யாராவது சொல்லியிருந்தால் பாலவனத்தத்தில் ஒருத்தர்கூட நம்பியிருக்க மாட்டார். அந்தத் தெருவில் மற்ற மாமியார்கள் மருமகள்களைத் திட்டுவதே, "ஒச்சம்மா மருமகளைப் பாருடி, பார்த்துக் கத்துக்கோ" என்றுதான்.

அந்த ஒச்சம்மாள்தான் இன்று காலையில் வாயில் வைத்த சோற்றை வாசலில் போய்த் துப்பிவிட்டு, திரும்பி வந்து சுகப்பிரியாவின் கன்னத்தில் அறைந்தாள். ஒரு அறையோடு விட்டாளா? மருமகள் அடுப்படிச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்கும்வரை அறைந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்த பிறகுதான் கை ஓய்ந்தது.

"அவன் முதுகைத் தேய்ச்ச கையாலதான் இத்தனை நாளா எனக்குச் சோறு போட்டியா?"

சுகப்பிரியாவுக்கு எவன், எந்த முதுகு என்று ஒன்றும் விளங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள்.

தொடக்கத்திலிருந்து கூடவே வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குத்தான் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிறவர்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

சுகப்பிரியா மூத்த மருமகள். புருஷன் ஜெகதீஸ்வரன் லோடு வண்டி வைத்து, அருப்புக்கோட்டைத் தறிகளிலிருந்து சேலைக் கட்டுகளை மதுரைக்கு ஏற்றிப் போகிறவன். அவளுடைய அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்து, முதுகெல்லாம் புண்ணாகிச் செத்தார். அப்போது வீடு தேடி வந்து புண்ணுக்குக் கட்டுப் போட்டவள் காளீஸ்வரி என்கிற ரிட்டயர்டு நர்சு. அப்பா போன பிறகு சுகப்பிரியாவும் அந்த நர்சம்மா குழுவில் சேர்ந்துகொண்டாள். சம்பளம் கிம்பளம் கிடையாது. வாரத்தில் ரெண்டு நாள் ஸ்கூட்டியில் மருந்துப் பையை மாட்டிக்கொண்டு போவாள். சுற்றுப்பட்டு ஊர்களில் வீட்டோடு கிடக்கிற வயசாளிகளைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, மூத்திரப் பையை மாற்றி, ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வருவாள்.

அந்த வயசாளிகளில் ஒருத்தர் சங்கையா. திருச்சுழி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற மாலூரணியில், அக்கா மகள் மாரிக்கனி வீட்டில், வலது கையும் வலது காலும் விழுந்து கிடக்கிறார்.

போன தடவை அவருக்கு முதுகு தேய்த்துவிட்டதை மாரிக்கனி போட்டோ எடுத்து அனுப்பினாள். ஜெகதீஸ்வரனுக்குப் பெருமை தாங்கவில்லை. 'மாலூரணி சங்கையா தாத்தாவுக்கு என் மனைவியின் தொண்டு' என்று எழுதி, கும்பிடுகிற கை ரெண்டையும் சேர்த்துப் போன் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, ராத்திரியே மதுரைக்கு லோடு ஏற்றிக் கிளம்பிவிட்டான். அதைப் பார்த்த இருளப்பசாமி விடிந்ததும் விடியாததுமாக ஆட்டோவைப் போட்டுக்கொண்டு வந்து ஒச்சம்மாளிடம் காட்டினார். அவர் ஒச்சம்மாள் புருஷனுக்குச் சித்தப்பா மகன்.

"மதினி, இது அவன்" என்றார். அந்த வீட்டில் அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

ஒச்சம்மாளின் புருஷன் கருத்தப்பாண்டியை வெட்டிக் கொன்றவனின் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. பகையாளி பேரைச் சொன்ன வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்கக் கூடாது என்று ஒச்சம்மாள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் அவள் பட்டினி கிடப்பாள். அதற்குப் பயந்து எல்லோரும் 'அவன், அவன்' என்றே சொல்லிப் பழகி, பெற்ற பிள்ளைகளுக்கே அந்தப் பெயர் தெரியாமல் போயிற்று. கல்யாணமாகி வந்த சுகப்பிரியாவிடம், மாமாவை ஒருத்தன் வெட்டிவிட்டான், ஜெயிலுக்குப் போனான் என்று சொன்னதோடு சரி. அவளும் துருவிக் கேட்கவில்லை. கேட்டு, மாமியார் பட்டினி கிடக்கவா?

பேரைப் பூட்டி வைத்த வீட்டுக்கு இப்படி ஒரு கேடு வரவேண்டுமா, சொல்லுங்கள். ஒரே ஒரு தடவை அந்தப் பெயரை அவள் காதில் போட்டு வைத்திருந்தால், இந்த ஸ்கூட்டி மாலூரணிப் பக்கமே திரும்பியிருக்காது. அப்பனைக் கொன்றவன் பேரை மகனே தன் கையால் எழுதி ஊருக்கெல்லாம் காட்டியிருக்கவும் மாட்டான்.

அடித்து ஓய்ந்த ஒச்சம்மாள் அடுப்படியிலேயே காலை நீட்டி உட்கார்ந்து, இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள்.

கண்மாய்க் கருவேல மரத்தை யார் ஏலம் எடுப்பது என்பதில் வந்த சண்டை. உச்சி வெயிலில் கரிசல் காட்டில் வைத்து வெட்டினான். உயிர் உடனே போகவில்லை. தண்ணி, தண்ணி என்று அந்த மனுஷன் மண்ணில் கிடந்து கேட்டார். பருத்தி எடுத்துக்கொண்டிருந்த சனம் வரப்பில் வரிசையாக நின்று பார்த்தது. அவன் அங்கேயே அருவாளோடு நின்றான். யாரும் தண்ணி ஊத்தக் கூடாது, ஊத்துனா அவுகளுக்கும் இதேதான் என்றான்.

ஒச்சம்மாள் இடுப்பில் கைப்பிள்ளை பாண்டீஸ்வரனோடும் கையில் சொம்போடும் ஓடினாள். அவன் ஓங்கினான். அவளைப் பார்த்து ஓங்கவில்லை, இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்து ஓங்கினான். அவள் பின்னால் போனாள். தண்ணீரெல்லாம் அலம்பி வரப்பில் கொட்டிப்போனது. அவர் தாகத்தோடேயே போய்ச் சேர்ந்தார்.

இதையெல்லாம் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன் அந்தக் கைப்பிள்ளைதான். பாண்டீஸ்வரன் இப்போது ஜேசிபி ஓட்டுகிறான். வருகிற ஆவணியில் கல்யாணம், பத்திரிகை அடிக்கக் கொடுத்தாகிவிட்டது. முன்கோபக்காரன், ஆனால் மதினி சொன்னால் தட்டமாட்டான். கேட்டு முடித்ததும் மாட்டுக்கொட்டத்துக்குப் போனான். கருவை வெட்டுகிற அருவாளைச் சாக்கில் சுற்றி பைக்கில் செருகினான்.

சுகப்பிரியா ஓடிப்போய் பைக்கைப் பிடித்துக்கொண்டாள். கிழவன் இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடக்கிறான், அவனை வெட்டி நீங்க ஜெயிலுக்குப் போகவா என்று கெஞ்சினாள். அவன் ஒரே தள்ளாகத் தள்ளினான். முற்றத்தில் விழுந்தவள், அங்கிருந்தே மாமியாரைப் பார்த்துக் கத்தினாள்.

"அத்தை, போக விடாதீக. ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தை, நின்னுருவாரு."

ஒச்சம்மாள் சொல்லவில்லை. பைக் சத்தம் தெருமுனை தாண்டும்வரை உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவும் இல்லை. பெற்ற மனம் பித்து என்பார்கள். இன்றைக்கு அந்த மனம் வேறு எதற்கோ பித்தாகிக் கிடந்தது.

சுகப்பிரியா ஸ்கூட்டியை எடுத்தாள். மருந்துப் பை அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அருப்புக்கோட்டை டவுனைத் தாண்டுவதற்குள் புருஷனுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டான். மாரிக்கனிக்குப் போட்டாள். அவள் மில்லுக்குள் இருப்பாள், ஷிப்டு முடிகிறவரைக்கும் போன் மில் கேட்டில்தான் கிடக்கும். போலீசுக்குச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால் கிழவர் பிழைப்பார், கையில் அருவாளோடு பிடிபடுகிற பாண்டியின் கல்யாணம் என்னாவது? போனைப் பையில் போட்டுவிட்டு முறுக்கினாள். எப்படியும் நான் முந்திவிடுவேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

திருச்சுழி ரோட்டில் ரெண்டு பக்கமும் கருவை மண்டிக் கிடக்கிற இடத்தில்தான் அது அவளுக்கு நினைவு வந்தது. நடுரோட்டில் பிரேக் போட்டாள். பின்னால் வந்த பஸ்ஸுக்காரன் ஆரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு திட்டிவிட்டுப் போனான்.

சங்கையாவின் கட்டிலில் விரித்த பாய்க்கடியில் ஒரு அருவா இருக்கிறது.

முதல் தடவை பாயை மாற்றப் போனபோதே பார்த்துவிட்டாள். பயந்து கேட்டதற்கு, இது பக்கத்தில் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வருது தாயி, வேற ஒண்ணுமில்லை என்றார். அருவா வலது பக்கம் இருந்தது. விழுந்துபோன கைப்பக்கம். அதைத் தொட முடியாமல் ராத்திரியெல்லாம் முழித்துக் கிடக்கிறேன் என்று அந்த மனுஷன் குழந்தை மாதிரி அழுதார். சொந்தக்காரி மாரிக்கனியிடம் கேட்டாளா? நர்சம்மாவிடம் சொன்னாளா? இல்லை. நடமாட முடியாத கிழவர் இதை வைத்து என்ன செய்துவிடப் போகிறார் என்று நினைத்தாள். நாய் வந்தால் விரட்டட்டும் என்று எடுத்து இடது பக்கம் வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து நல்லாத் தூங்குறேன் தாயி என்று வாராவாரம் சொல்லுவார். அவளுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

வெயில் ஏறும்போது மாலூரணிக்குள் நுழைந்தாள். மாரிக்கனி வேலைக்குப் போகும்போது கதவைப் பூட்டிவிட்டுத்தான் போவாள். சாவி கோழிக்கூட்டு மேலே இருப்பது மாரிக்கனிக்கும் சுகப்பிரியாவுக்கும் மட்டும்தான் தெரியும். பாண்டீஸ்வரனுக்குச் சாவி எதற்கு? வீடு எது என்று கேட்டுக் கேட்டுச் சுற்றியதில் அவனுக்கு நேரமாகியிருந்ததே ஒழிய, கதவு அவனுக்கு ஒரு பொருட்டில்லை. அவள் ஸ்கூட்டியை நிறுத்தும்போது பலகை பிளந்து, தாழ்ப்பாள் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தெருவே கூடி நின்றது. உள்ளே போனவர் ஒருத்தரும் இல்லை.

சுகப்பிரியா வாசலில் கால் வைத்தாள். உள்ளே பாண்டீஸ்வரன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான். அருவா கையில் இருந்தது, ஓங்கவில்லை. அவன் மனதில் இத்தனை வருஷமும் வளர்ந்திருந்த ஆள் வேறே ஆள். கயிற்றுக் கட்டிலில் கிடந்ததோ தோலும் எலும்புமாக ஒரு உருவம், பக்கவாட்டில் மூத்திரப் பை, புண் நாற்றம். இதைப் போய் வெட்டுவதா என்று அவன் திகைத்துப்போய் நின்றது அவளுக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் அவன் தானாகவே திரும்பியிருப்பான். சத்தியமாகத் திரும்பியிருப்பான்.

"யாருலே அது?" என்றார் சங்கையா.

"கருத்தப்பாண்டி மகன்."

கிழவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"மூத்தவனா, இடுப்புல இருந்த பயலா?"

"தம்பி, தள்ளி வாங்க, அவுக இடது கை..." என்று சுகப்பிரியா கத்தி முடிப்பதற்குள் அந்தக் கை பாய்க்கடியில் போய் வந்துவிட்டது.

செத்த பாம்பு மாதிரி கிடந்த மனுஷனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வேகம் வந்ததோ. அருவா பாண்டீஸ்வரனின் முன்னங்கையில் விழுந்தது. எலும்பில் பட்ட சத்தம் வாசல்வரை கேட்டது. அவன் கையிலிருந்த அருவா கீழே விழுந்தது. ரத்தம் பீய்ச்சியடித்து, வெள்ளையடித்த சுவரில் கோடு இழுத்தது.

கிழவர் ரெண்டாவது தடவை ஓங்கினார். பாண்டீஸ்வரன் கட்டிலை ஓங்கி உதைத்தான். கட்டில் கவிழ்ந்தது. சங்கையா உருண்டு விழுந்தார். மூலையில் கிடந்த ஆட்டுக்கல்லில் தலை மோதி, நெற்றிப்பொட்டில் தோல் பிளந்துகொண்டது. மூத்திரப் பை கிழிந்து தரையெல்லாம் ஓடியது. பாண்டீஸ்வரன் விழுந்து கிடந்தவரை விலாவில் மிதித்தான். இன்னொரு தடவை மிதித்தான். குனிந்து இடது கையால் தன் அருவாளைத் தேடினான்.

சுகப்பிரியா அவன் மேலேயே விழுந்தாள். ரெண்டு பேரும் ரத்தத்தில் வழுக்கிச் சுவரில் போய் மோதினார்கள். அவன் அவளை முழங்கையால் நெஞ்சில் இடித்தான், மயிரைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் பிடி தானாகவே தளர்ந்தது. முகம் வெளுத்து, சுவரோடு சறுக்கி உட்கார்ந்தான்.

அவள் துப்பட்டாவைக் கிழித்து முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். பையிலிருந்த பஞ்சையெல்லாம் வெட்டில் வைத்து அமுக்கி, கையை மேலே தூக்கிப் பிடித்தாள்.

கீழே கிடந்த சங்கையா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

"நல்லவேளை தாயி, நீ இந்தப் பக்கம் மாத்தி வச்ச."

பாண்டீஸ்வரன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். அவள் எதையாவது சொல்லி மறுப்பாள் என்று காத்திருந்தான் போல. அவள் அவன் கண்ணைப் பார்க்கவில்லை, கட்டைத்தான் பார்த்தாள்.

"மதினி, நீங்களா?" என்றான்.

அந்த நேரத்தில்தான் இருளப்பசாமியின் ஆட்டோ வந்து நின்றது. ஒச்சம்மாள் இறங்கினாள். மகன் போன கொஞ்ச நேரத்தில் மனசு கேட்காமல் கிளம்பிவிட்டாளாம். கேட்காத மனசு காலையிலேயே கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா? மகனை அந்தக் கோலத்தில் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். இருளப்பசாமியும் எதிர்வீட்டு ஆள் ஒருத்தரும் பாண்டீஸ்வரனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். கையை இறக்காமல் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஆஸ்பத்திரியில் என்ன சொல்லவேண்டும் என்றும் சொல்லிவிட்டு, சுகப்பிரியா மறுபடியும் உள்ளே ஓடினாள். கிழவர் தலையிலிருந்தும் ரத்தம் போய்க்கொண்டிருந்தது.

ஒச்சம்மாள் ஆட்டோவில் ஒரு காலை வைத்துவிட்டாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தண்ணி."

ஒச்சம்மாள் காலை இறக்கிவிட்டாள்.

"தம்பி, நீங்க கொண்டுபோங்க. நான் பின்னாலயே வாரேன்."

பெற்ற பிள்ளை ரத்தம் சொட்டச் சொட்டப் போகிறான், கூட ஏறாமல் நின்றுவிட்டாள். இதை எழுதுகிற எனக்கே அவள் மேல் கோபம் வருகிறது.

சுகப்பிரியா மூலையிலிருந்த மண்பானையில் சொம்பை விட்டு மொண்டாள். திரும்பினால் மாமியார் நிற்கிறாள். கையில் பாண்டீஸ்வரன் போட்டுவிட்டுப் போன அருவா.

"யாரும் தண்ணி ஊத்தக் கூடாது. ஊத்துனா அவுகளுக்கும் இதேதான்."

தரையில் கிடந்த சங்கையா அந்த வார்த்தையைக் கேட்டதும் கண்ணைத் திறந்தார். யார் வந்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வாசலில் நின்ற சனம் ஒரு அடி பின்னால் போயிற்று.

சுகப்பிரியா முதலில் நியாயம் பேசிப் பார்த்தாள். இவுக இங்கேயே செத்தால் மிதித்த பழி பாண்டி தலையில்தான் விழும், வெட்டுக்காயத்தோடு அவன் ஜெயிலுக்குப் போவான் என்றாள். ஒச்சம்மாளுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அவள் அருவாளை வீசினாள். மண்பானை நொறுங்கிச் சிதறியது. மூத்திரமும் ரத்தமும் கிடந்த தரையில் அந்தக் குடிதண்ணீரும் சேர்ந்து ஓடியது. அடுத்த வீச்சில் சுகப்பிரியாவின் கையிலிருந்த சொம்பு தெறித்துப்போய்ச் சுவரில் விழுந்தது. விரல் தப்பியது குலதெய்வத்தின் புண்ணியம்.

"தண்ணி" என்றார் சங்கையா மறுபடியும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது.

சுகப்பிரியாவுக்கு அந்தக் கிழவர் மேல் இப்போது ஒரு பொட்டு இரக்கம் கிடையாது. தாத்தா, தாத்தா என்று வாரம் தவறாமல் வந்து கழுவிவிட்டவள்தான். கண் முன்னாலேயே கொழுந்தன் கையை வெட்டிப்போட்ட ஆள் மேல் என்ன இரக்கம் வரும்? வெறுப்புத்தான் வந்தது. ஆனால் அப்பாவும் கடைசி நாளில் இதே மாதிரி நாக்கு ஒட்டிக்கொண்டுதான் தண்ணி கேட்டார். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். தாகத்தில் நல்லவன் தாகம், கெட்டவன் தாகம் என்று ரெண்டு இல்லை.

அவள் மருந்துப் பைக்குள் கையை விட்டு, தான் குடிக்கக் கொண்டுவந்திருந்த பாட்டிலை எடுத்தாள்.

"வெட்டிருவேன்டி."

"சரி அத்தை."

கிழவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். நின்றால் ஓடிவிடுவோம் என்று தோன்றியது, அதனால்தான் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே மாமியார் மூச்சு விடுகிறது கேட்டது. அருவா ஓங்கியிருப்பது நிமிர்ந்து பார்க்காமலே தெரிந்தது. அவள் பின்னால் போகவில்லை. கிழவரின் தலையை மடியில் எடுத்து வைத்து, மூடியைத் திறந்து, வாயில் ஊற்றினாள். ஒரு மடக்கு இறங்கியது.

"இன்னொரு மடக்கு" என்றார் சங்கையா. வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை அந்த மனுஷனுக்கு.

அவள் ஊற்றினாள்.

அருவா இறங்கியது.

சுகப்பிரியாவின் காதோரம் காற்று அடித்தது. பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த கட்டிலின் காலில் அருவா பாதிவரை இறங்கி நின்றது. ஒச்சம்மாள் அதைப் பிடுங்கப் பார்த்தாள். கட்டிலில் காலை ஊன்றி இழுத்தாள், ரெண்டு கையாலும் இழுத்தாள். வரவில்லை. அப்படியே பிடியை விட்டுவிட்டு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தாள்.

"நான் பின்னால போயிட்டேன்டி" என்றாள். "அவன் ஓங்குனதும் பின்னால போயிட்டேன். பிள்ளைக்காகத்தான் போனேன்னு ஊரெல்லாம் சொல்லுச்சு. எனக்குத் தெரியும், நான் பயந்துதான் போனேன். நீ போகலையே."

அதற்குப் பிறகு வந்த அழுகை ஒரு நாள் அழுகை இல்லை. வீட்டில் யார் செத்தாலும் அழாதவள் என்று பேர் வாங்கியவள், பகையாளி வீட்டுத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சுகப்பிரியா கிழவரின் தலையில் கட்டைப் போட்டு முடித்துவிட்டு, வந்து மாமியாரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அழுகை வந்தது. வாசலில் யாரோ ஆம்புலன்சுக்குப் போன் போடுகிற சத்தம் கேட்டது.

ஒச்சம்மாள் சேலை முந்தியை எடுத்து மருமகளின் உதட்டைத் துடைத்தாள். காலையில் தான் கிழித்த உதடு. வலிக்குதா என்று கேட்டாள். இல்லை என்று இவள் தலையாட்டினாள். வீட்டுக்குப் போவோம், உன் கையாலேயே சோறு போடு, சாப்பிடுறேன் என்றாள். சுகப்பிரியாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

துடைத்துக்கொண்டிருந்த ஒச்சம்மாளின் கண், கிழவரின் பாய்க்குப் பக்கத்தில் கிடந்த இன்னொரு அருவாளில் போய் நின்றது. மகன் ரத்தம் அதில் இன்னும் காயவில்லை. அவள் கிழவரைப் பார்த்தாள், அவருடைய செத்துப்போன வலது கையைப் பார்த்தாள்.

"வலது கை விழுந்து எவ்வளவோ நாளாச்சுன்னு வாசல்ல சொன்னாக. எந்திரிக்கவும் முடியாதவன். இடது கைக்கு எட்டுற மாதிரி அருவாளை யாருடி கொண்டாந்து வச்சது?"

பைக்குள் போன் அடித்தது. ஜெகதீஸ்வரனாகத்தான் இருக்கும், ஆட்டோவிலிருந்தே அவனுக்குச் சேதி போயிருக்கும். பாண்டீஸ்வரன் என்ன சொன்னானோ, எவ்வளவு சொன்னானோ. சுகப்பிரியா போனை எடுக்கவில்லை. மாரிக்கனி வைத்திருப்பாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தக் கை இப்படியே தன் முகத்தில் இருக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"நான்தான் அத்தை" என்றாள். "தூக்கம் வரலைன்னு அழுதாரு. நான்தான் எடுத்து இந்தப் பக்கம் வச்சேன்."

உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்த முந்தி அப்படியே நின்றது. போன் அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது.